ஒற்றைக் கை கிரீஸ் கன்

சித்தி கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. வாடகை டிராக்டர் ஷெட்டில் புதன்கிழமைதான் கிரீஸ் அடிக்கும் நாள். அன்று மதியம்வரை எந்த வண்டியும் வெளியே போகாது. அன்றும் சித்தியும் சித்தப்பாவும் விடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எட்டு டிராக்டர்களில் ஐந்து முடிந்திருந்தன. ஆறாவதின் அடியில் சித்தி மல்லாந்து படுத்திருந்தபோது, ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போகும் கார் வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அவள் வெளியே வந்து, கையை முதலில் டீசலிலும் பிறகு சோப்பிலும் கழுவி, உடை மாற்றிக்கொண்டு, "மீதி மூணையும் நாளைக்கு வெச்சுக்குங்க. தனியா மல்லுக்கட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

சித்தப்பா தனியாகத்தான் மல்லுக்கட்டினார். இருட்டுவதற்குள் மூன்றையும் முடித்தார். முடித்தபோது தன் சட்டையிலும் தரையிலும் இருந்த கிரீஸ், வண்டிக்குள் போனதைவிட அதிகம் என்று அவரே சொன்னார்.

அவர்களுடைய மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. மகள் இருக்கும் நகரத்துக்கு ரயிலில் இரண்டு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். பதினொன்றாவது மாடி வீடு. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். ஆறு மாதம் இருந்துவிட்டு வருவது என்று பேச்சு. நான் அந்தச் சமயத்தில் வேறெங்கோ ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எட்டாவது மாதத்தில் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோதும் சித்தி வந்திருக்கவில்லை.

சித்தப்பாவின் வேலையைச் சொல்ல வேண்டும். டிராக்டர், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் பேலர், டிரெய்லர் எல்லாவற்றிலும் உலோகத்தின் மேல் உலோகம் சுழலும் இடங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் நிப்பிள் என்கிற சின்ன இரும்புக் குமிழ் ஒன்று வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். கிரீஸ் கன்னின் வாயை அதன்மேல் அழுத்திப் பிடித்து, லீவரை அடித்தால், கிரீஸ் உள்ளே ஏறும். பழைய கறுத்த கிரீஸ் மறுபக்கம் சீல் என்கிற ரப்பர் வளையத்தின் ஓரமாகப் பிதுங்கி வெளியே வரும். அதன் பின்னாலேயே புதுக் கிரீஸ் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். பார்த்தவுடன் நிறுத்திவிட வேண்டும். குறைந்தால் பேரிங் எரியும், மிஞ்சினால் சீல் கிழியும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஷெட்டில் இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு நிப்பிள்கள் இருந்தன.

பதினோரு வருடத்துக்கு முன்பு சித்தப்பா டிரெய்லரிலிருந்து விழுந்து இடது தோளை உடைத்துக்கொண்டார். தோள் ஒட்டியது, கை மட்டும் நெஞ்சுக்கு மேல் எழும்புவதில்லை. லீவர் கன்னை ஒரு கையால் பிடித்து மறு கையால் அடிக்கலாம். அதன் ரப்பர் குழாயின் நுனியை நிப்பிளில் அழுத்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அதுதான் சித்தியின் கை. அவர் வெளியே உட்கார்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டே அடிப்பார். அவள் அடியில் படுத்து நுனியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சீலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "வந்துடுச்சு" என்பாள். நிறுத்துவார். வருடங்கள் ஓடியதில் எண்ணிக்கை நாக்கில் ஒட்டிக்கொண்டது. முன் அச்சுக்கு ஆறு, ஸ்டீயரிங் முட்டிக்கு நாலு, ரோட்டவேட்டர் பக்க பேரிங்குக்கு எட்டு. எதையும் எழுதி வைத்ததில்லை.

கிரீஸ் டின்னின் மேல் 'மசகு' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு டிரைவர் அவருக்கு மசகண்ணே என்று பெயர் வைத்தான். அதற்குப் பிறகு அவர் சொந்தப் பெயரைக் கூப்பிடுகிறவள் சித்தி ஒருத்திதான். அதுவும் கோபம் வந்தால் மட்டும்.

ஷெட்டின் பின்பக்கம் அவர்களுக்கு ஓர் அறை. இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, வயல்வெளியைப் பார்த்த ஒரு ஜன்னல். உண்மையில் அது சித்தப்பாவுக்குக் கொடுத்த அறை இல்லை. கிரீஸ் அடிக்கும் இரண்டு பேருக்குக் கொடுத்த அறை. சித்தி போனதும் அந்தப் பேச்சைத்தான் முதலாளியம்மா எடுத்தார். முதலாளியம்மாவுக்குப் பேச்சில் சிக்கனம், கிண்டலில் தாராளம்.

"இன்னொரு ஆளைப் போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம்மா. அவ வந்துடுவா. அதுவரைக்கும் நானே பாத்துக்கறேன்."

"பாத்துக்கறது வேற, அடிக்கறது வேற. பாதி கிரீஸ் தரையிலதான் கெடக்கு. என்ன, தரை இப்ப நல்லா சுத்துதா?"

சித்தப்பா குழாய் நுனியைக் கட்டுக்கம்பியால் நிப்பிளோடு கட்டிப் பார்த்தார். செங்கல் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். முழங்காலால் அழுத்திப் பார்த்தார். அரை நாள் வேலை இரண்டு நாள் பிடித்தது. டிரைவர்கள் பொறுமை இழந்து, கிரீஸ் அடிக்காத வண்டியையே எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் இன்னொரு ஆளுக்கு அவர் சம்மதிக்கவில்லை.

"வர்றவன் அவ கட்டில்லதானே படுப்பான்?" என்றார் என்னிடம். "அப்புறம் அவ வந்தா எங்க இருப்பா? ரூமை மட்டும் விட்டுடக் கூடாது பாப்பா. ரூம் போச்சுன்னா திரும்பி வர்றதுக்கு எடமே இல்லாமப் போயிடும்."

மகள் வீட்டுக்கு அவரும் ஒருமுறை போயிருக்கிறார். ஒன்பது நாள். ஹாலில் படுத்து, மற்றவர்கள் எழுவதற்கு முன் படுக்கையைச் சுருட்டிவிட வேண்டும். "அங்க நான் ஒரு சாமான் மாதிரி. எங்க வெச்சாலும் யாருக்காவது இடிக்கும்" என்றார்.

நான் ஷெட்டில் தங்கியது மூன்று மாதமும் சில நாட்களும். அலுவலக அறையின் பெஞ்சு எனக்குப் படுக்கை. எத்தனையோ பேருந்து நிலையங்களில் படுத்துப் பழகிய எனக்கு அதுவே மெத்தை. சித்தப்பா நாள் முழுக்க எட்டுப் பத்து வாக்கியம் பேசுவார். சாப்பிடும்போது இரண்டு தட்டு எடுப்பார். ஒன்றைத் திரும்ப வைப்பார். நான் அங்கே இருந்ததால் பல நாள் அதைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் என்னால் ஆன உதவி.

புதுக் கன் வாங்கச் சொல்லி முதலாளியம்மா இரண்டு முறை அவரை ஸ்பேர்ஸ் கடைக்கு அனுப்பியிருந்தார். முதல் முறை யாருக்கும் தேவையில்லாத ஒரு ஃபேன் பெல்ட்டோடு திரும்பினார். இரண்டாவது முறை டீ குடித்துவிட்டுத் திரும்பினார். மூன்றாவது முறை, "நீயும் கூடப் போம்மா. இவர் கடைக்குத்தான் போறாரான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்.

கடைக்குள் ரப்பர் வாசனை மூக்கை அடைத்தது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க மசகண்ணே. கன்னு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? மூணு தடவையா வந்து மூஞ்சியையே பாத்துட்டுப் போறீங்க."

"எடுத்துக் காட்டுய்யா."

மூன்று கன்கள் மேஜைக்கு வந்தன. "இது லீவர். உங்ககிட்ட இருக்கற அதே சாமான். ரெண்டு ஆளு வேணும், இல்லாட்டி மூணு கை வேணும். இது பிஸ்டல். ஒத்தக் கையால அமுக்கலாம். முன்னாடி வளையாத கம்பிக் குழாய். நிப்பிள்ல வெச்சா அதுவே கவ்விக்கும். இது பேட்டரி. பொத்தானைத் தொட்டா தானே தள்ளும், நீங்க பீடி குடிச்சுட்டே நிக்கலாம்."

சித்தப்பா பேட்டரி கன்னைத் தூக்கிப் பார்த்தார். அதன் எடையில் வலது தோளும் வலித்தது. பொத்தானை அழுத்தினார். டர்ரென்று சத்தம் வந்தது.

"கைக்கு ஒண்ணுமே தெரியலையே."

"தெரியக் கூடாதுன்னுதானே பேட்டரி போட்டிருக்கான்."

"உள்ள எடுத்துக்குதா, முட்டுதான்னு கைக்குத் தெரியணும்யா. இது பாட்டுக்குத் தள்ளிட்டே போகும். சீல் பிதுங்கி வெளிய வந்தப்புறம்தான் நமக்கு விஷயம் தெரியும்."

"அப்ப பிஸ்டலை எடுங்க."

சித்தப்பா பிஸ்டலைத் தொடவில்லை. லீவர் கன்னையே எடுத்து அதன் குழாயை நீட்டி அளந்துகொண்டிருந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

"வீட்டுல எப்ப வர்றாங்க?"

"அடுத்த மாசம்."

"போன மாசம் கேட்டப்பவும் அடுத்த மாசம்னீங்க."

"அதுக்கு அடுத்த மாசம்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. பிஸ்டல் கன்னைத் துணியால் துடைத்து அவர் கையில் வைத்தார். சித்தப்பா அதை அமுக்கினார். நாலைந்து முறை வெறும் காற்றை அமுக்கினார். இடது கை பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும் அந்தக் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அவ வந்துட்டா இதைத் திருப்பிக் கொண்டாரலாமா?"

"கிரீஸ் ஏறின கன்னைத் திருப்பி எடுத்தேன்னு வைங்க, என் பொண்டாட்டி என்னைத் திருப்பி அனுப்பிடுவா."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார். சித்தியிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒத்தக் கையால அடிக்கலாம்னு தெரிஞ்சா சித்திக்கு நிம்மதியா இருக்குமே."

"அவ்வளவு நிம்மதி வேண்டாம்" என்றார்.

அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கெல்லாம் எட்டு டிராக்டரும் முடிந்துவிட்டன. சத்தமாக எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே ஒரே குரல், ஒன்று, இரண்டு, மூன்று என்று போய், எட்டில் நின்று, அடுத்த நிப்பிளில் மறுபடி ஒன்று என்று தொடங்கும். "வந்துடுச்சு" என்று சொல்ல ஆள் இல்லை. நிப்பிள் இந்தப் பக்கம், சீல் அந்தப் பக்கம். இருந்த இடத்திலிருந்து அவரால் பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்குத் தோன்றவில்லை. எண்ணிக்கைதான் கையில் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை சித்தி ஃபோன் செய்வாள். பின்னணியில் இரண்டு குழந்தைகளும் மாறி மாறி அழும். "எப்படி அடிக்கறீங்க?" என்பாள். "கஷ்டமாத்தான் இருக்கு" என்பார் சித்தப்பா. புதுக் கன் அவர் காலடியிலேயே இருக்கும். அந்தப் பக்கம் அவளும் எதையோ மறைத்தாள் என்று எனக்குத் தோன்றும். முழங்கால் வலியைப் பற்றி ஒருநாள் பாதி சொல்லி, பேச்சை மாற்றிவிட்டாள்.

முன்பெல்லாம் ஒரு டின் கிரீஸ் நாலு புதன்கிழமைக்கு வரும். இப்போது ஏழு புதன்கிழமை கழிந்தும் அடியில் இன்னும் ஒரு சாண் இருந்தது. சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதலாளியம்மாவை அழைத்து வந்து டின்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். "புதுக் கன்னு ரொம்பச் சிக்கனம்மா. ஒரு சொட்டு தரையில விழறதில்லை."

"அப்ப இத்தனை வருஷமா என் கிரீஸைத் தரைதான் தின்னுச்சா? நான் உங்க ரெண்டு பேர் மேலயும்ல சந்தேகப்பட்டேன்" என்றார் முதலாளியம்மா. அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

ஒன்பதாவது வாரம், ஈர வயலில் ஓடிக்கொண்டிருந்த ரோட்டவேட்டர் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் அதை டிரெய்லரில் போட்டுக் கொண்டுவந்து சித்தப்பாவின் முன்னால் இறக்கினான். பக்க பேரிங் உருகி, தண்டு நீலம் பாரித்திருந்தது.

"மசகண்ணே, இதுக்குள்ள கிரீஸ் இருந்த அடையாளமே இல்லையே."

"எட்டு அடிச்சேன்டா. போன புதன்கூட எட்டு."

"எட்டு அடிச்சீங்களா, எட்டி நின்னு அடிச்சீங்களா?"

சித்தப்பா குனிந்து தண்டைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் இன்னொரு ரோட்டவேட்டரின் பேரிங் கை வைக்க முடியாதபடி கொதித்தது. வெள்ளிக்கிழமை முதலாளியம்மா நேராக அவர் அறை வாசலுக்கே வந்தார். கிண்டல் இல்லை.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா வண்டி வயல்ல நின்னா எடுத்தவன் என்னைத்தான் திட்டுவான். வேற ஒரு ஜோடி கேட்டிருக்காங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலை தெரிஞ்சவங்க. அடுத்த புதன் வரைக்கும் பாப்பேன்."

"ரூம்மா?"

"ரூமு அவங்களுக்குத்தானே கொடுக்கணும்?"

சனிக்கிழமை அந்த ஜோடி அறையைப் பார்க்க வந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. பஸ் டெப்போவில் வேலை பார்த்தவர்கள். அந்தப் பெண் அறைக்குள் நடந்து, இரண்டு கையையும் விரித்துச் சுவரை அளந்தாள். "கட்டில் ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டா இந்தப் பக்கம் அலமாரி வெச்சுக்கலாங்க" என்று கணவனிடம் மெதுவாகச் சொன்னாள். சித்தப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவள் ஜன்னல் தாழ்ப்பாளை இழுக்கப் போனபோது மட்டும் உள்ளே வந்தார். "அப்படி இழுக்காதம்மா. கொஞ்சம் மேல தூக்கி, அப்புறம் இழுக்கணும்" என்று செய்து காட்டினார்.

அவர்கள் போன பிறகு எனக்கு ஆத்திரமாக வந்தது. "நீங்க எதுக்கு அதெல்லாம் காட்டிக் கொடுக்கறீங்க?"

"தெரியாம இழுத்தா விரல் நசுங்கிடும் பாப்பா. உன் சித்திக்கு மொத நாளே நசுங்குச்சு."

அன்று முழுவதும் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது, கிரீஸ் டின்னின் முன்னால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே வண்டிங்க" என்றார், என்னிடமா டின்னிடமா என்று தெரியவில்லை. "அதே நிப்பிள். அதே எண்ணிக்கை. முன்னாடி நாலு வாரம் வந்தது, இப்ப ஒம்போது வாரம் வருது. தரையில சிந்தினது அவ போனப்புறம்தான். அவ இருந்தப்ப தரையில ஒரு சொட்டு விழாது. அப்பவும் நாலு வாரம்தான்."

எழுந்து போய் ஆணியில் தொங்கிய பழைய லீவர் கன்னை எடுத்தார். சிமெண்டுப் பையைக் கிழித்து, ஒரு காகிதத்தில் இருபது அடி அடித்தார். இன்னொரு காகிதத்தில் பிஸ்டலால் இருபது அமுக்கினார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தராசு எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் அலுவலகத்தில் போல்ட் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தோம். லீவர் அடித்தது முப்பது கிராம். பிஸ்டல் அமுக்கியது பதினாலு.

சித்தப்பா பெட்டியில் மறுபடி உட்கார்ந்தார்.

"அந்தக் கன்னுக்கு எட்டு. இது வேற கன்னு. பாதிக்கும் கம்மியா குடுத்துட்டு, எட்டு எட்டுன்னு கத்திட்டு இருந்திருக்கேன். சிக்கனம்னு வேற கூப்பிட்டுக் காட்டினேன் பாரு."

பிறகு, "அவ இருந்திருந்தா மொத வாரமே சொல்லியிருப்பா. இன்னும் வரலைங்க, அடிங்கன்னு" என்றார்.

அன்றே தொடங்கினார். எண்ணிக்கையை வெறுமனே இரண்டு மடங்காக்கினால் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லையாம். காய்ந்துபோன பேரிங் அதிகம் கேட்கும். தேய்ந்த சீல் குறைவாகத் தாங்கும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். உடைந்த மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி, நீளமான கம்பியில் கட்டி, சீலுக்கு நேராகத் தரையில் சாய்த்து வைத்தார். நிப்பிளின் பக்கம் படுத்துக்கொண்டு அமுக்கினார். கண்ணாடியில் மஞ்சள் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார். கண்ணாடி அடிக்கடி நழுவியது. நழுவும்போதெல்லாம் சீலுக்குப் பதிலாக அவர் மோவாய்தான் அதில் தெரிந்தது.

"நான் பிடிச்சுக்கறேனே சித்தப்பா."

"வேண்டாம்."

"சும்மாதானே நிக்கறேன்."

"நீ இன்னும் பத்து நாள்ல எங்கயாவது கிளம்பிடுவ. அப்புறம் நான் அதுக்கு வேற பழகணும்."

என் பை அலுவலக பெஞ்சுக்கு அடியில் பாதி கட்டியபடி இருந்தது அவருக்கும் தெரியும்.

மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு நிப்பிளுக்குப் பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டால் ஓர் எண். பதினேழு. பதிமூன்று. ஒன்பது. இருநூற்றுப் பன்னிரண்டு எண்கள். எழுத எழுத அவர் கை பழகிக்கொண்டே வந்ததை எண்களின் வரிசையிலேயே பார்க்கலாம். முதல் டிராக்டரில் கோணலாக இருப்பவை கடைசி டிரெய்லரில் அச்சடித்தது போல் இருந்தன.

புதன்கிழமை முதலாளியம்மாவிடம் அந்த இரண்டு காகிதங்களையும் கொண்டுபோய் வைத்தார். "தப்பு என் மேலதாம்மா. கன்னு மாறினதுக்கு எண்ணிக்கையை மாத்தலை. ரெண்டு பேரிங்கும் என்னாலதான் போச்சு."

முதலாளியம்மா காகிதங்களைப் பார்த்தார். எழுந்து போய் வண்டிகளைப் பார்த்தார். ஒரு ரோட்டவேட்டரின் முன் குனிந்து, "பதினேழு" என்று சத்தமாகப் படித்தார். அறையைப் பார்த்துவிட்டுப் போன ஜோடிக்கு என்ன பதில் சொல்வது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு மாசம்" என்றார் கடைசியில். "ஒரு பேரிங் சூடானாலும் நான் பேச மாட்டேன், அவங்களை வரச் சொல்லிடுவேன்."

"சரிம்மா."

"அதோட, இனிமே எதையாவது சிக்கனம்னு சொல்லி என்னைக் கூப்பிட்டுக் காட்டாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு மாதத்தில் ஒரு பேரிங்கும் சூடாகவில்லை. அறை அவருக்கே நிலைத்தது. அதற்குள் நான் கிளம்பிவிட்டேன். ஆனால் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். ஃபோனை அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். காதோடு தூக்கிப் பிடித்தால் தோள் வலிக்கும்.

சித்தி எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "டிரைவர் வீட்டுல பேசினேன். ரெண்டு பேரிங் எரிஞ்சுதாமே. என்கிட்ட ஏன் சொல்லலை?"

சித்தப்பா ஃபோனை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இனிமே உங்களைத் தனியா விட முடியாதுங்க. நான் வந்துடறேன். இங்க பிள்ளைங்களைப் பாத்துக்க ஓர் ஆளைத் தேடச் சொல்லிட்டேன். மகளுக்குக் கோபம்தான். அழறா. அழட்டும். என்ன சொல்றீங்க? டிக்கெட் எடுக்கச் சொல்லட்டுமா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பத்து மாதம் அவர் காத்திருந்த வார்த்தை அது. ஆமாம் என்று ஒரு சொல், அல்லது பேசாமல் இருந்தால்கூடப் போதும். ஃபோனுக்குள்ளே ஒரு குழந்தை, "ம்மா" என்று கூப்பிட்டது. மகளை இல்லை, சித்தியைத்தான். "இரு கண்ணு, இதோ" என்றாள் சித்தி அதனிடம். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சித்தப்பாவும் கேட்டிருக்க மாட்டார்.

"ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அவர். "ஒத்தக் கையால அடிக்கற கன்னு ஒண்ணு வாங்கியிருக்கேன். வாங்கி ரெண்டரை மாசமாச்சு. மொதல்ல எண்ணிக்கை தெரியாம ரெண்டு போச்சு. இப்பச் சரியாயிடுச்சு. தனியாவே முடிச்சுடறேன். பத்து மணிக்கெல்லாம்."

சித்தி குரலைத் தாழ்த்தினாள்.

"சீலை யாரு பாக்கறது?"

"கண்ணாடி வெச்சிருக்கேன்."

"அப்படியா" என்றாள் சித்தி. பிறகு, "நல்லதாப் போச்சு" என்றாள். பிறகு குழந்தை மறுபடி கூப்பிட்டது.

சித்தப்பா ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். பிஸ்டல் கன்னை மடியில் வைத்துக்கொண்டு, துணியால் அதன் வாயைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பிறகு ஸ்பேர்ஸ் கடைக்காரர் எப்போது கேட்டாலும் அவர் அடுத்த மாதம் என்று சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். கடைக்காரரும் கேட்பதை விட்டுவிட்டாராம்.

ஒன்றே முக்கால் வருடம் கழித்து, ஷெட்டிலிருந்து வெகுதூரத்தில், நான் வாடகைக்கு எடுத்திருந்த ஓர் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது ஃபோனில் சித்தப்பாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேசியது அவர் இல்லை. சித்தி அவருக்கு அனுப்பியதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். கூட ஒரு வார்த்தை இல்லை.

"என்னங்க, நான்தான். ஃபோன் போட்டேன், எடுக்கலை. வேலையா இருப்பீங்க. வர்ற பதினாறாம் தேதி நான் அங்க வர்றேன். பத்து நாள் இருப்பேன். திரும்பற டிக்கெட்டும் மாப்பிள்ளை சேர்த்தே எடுத்துட்டாரு. அப்புறம் கெடைக்காதாம். முழங்கால் பரவாயில்லை, நீங்க அதையே நெனைச்சுட்டு இருக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு சட்டை எடுத்திருக்கேன், அளவு அதேதான்னு நெனைக்கறேன். ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம். வேலையைப் போட்டுட்டு ஓடி வந்து நிக்காதீங்க. நானே வண்டி புடிச்சு வந்துடுவேன். ஆனா கேட்டுல யாரோ புது வாட்ச்மேன்னு சொன்னீங்களே, அவருக்கு என்னைத் தெரியாதே. யாரைப் பாக்கணும், நீங்க யாருன்னு கேப்பாரு. அவர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க."